ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளலாம்

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலை தெரியாது. இணுவிலிலிருந்து பருத்தித்துறை வரை சைக்கிளில் போனாலும் எதிர்க்காற்று இருக்குமே தவிர ஏற்றம் இருக்காது. அப்படிப்பட்ட ஊரில் சைக்கிள் பழகிய நான், 2019 ஓகஸ்ட் மாதம், என் நாற்பத்து மூன்றாவது வயதில், பிரான்ஸ் நாட்டில் 1219 கிலோமீற்றர் சைக்கிள் ஓடினேன். அந்தப் பயணத்தைப் பற்றியும், அதில் வந்த ஏற்றங்களைப் பற்றியும் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்த ஓட்டத்தின் பெயர் 'பரிஸ் - பிரெஸ்ற் - பரிஸ்'. 1891 இல் அது ஒரு பந்தயமாகத் தொடங்கியது. 1931 முதல் எங்களைப் போல விருப்பத்துக்காக ஓடுபவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஆண்டிலேயே பெண்களும் ஓடி முடித்திருக்கிறார்கள். இப்போது அது பந்தயம் அல்ல. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கிறது. முதலாவதாக வருபவருக்குப் பரிசு கிடையாது. பரிஸுக்குத் தென்மேற்கே உள்ள ரம்பூயே என்ற ஊரிலிருந்து, அத்திலாந்திக் கடலோரம் உள்ள பிரெஸ்ற் துறைமுகம் வரை போய், திரும்பி வர வேண்டும். நான் சேர்ந்த பிரிவுக்கு 90 மணித்தியாலம் தந்தார்கள். சாப்பாடு, நித்திரை எல்லாம் அதற்குள்தான். இதில் சேர்வதற்கே அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீற்றர் ஓட்டங்களை நேரத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும்.

வழியில் பெரிய மலை ஒன்றும் இல்லை. ஆக உயரமான இடமான றொக் திறெவெஸெல் 384 மீற்றர்தான். ஆனால் பாதை முழுவதும் ஏறி இறங்கி, ஏறி இறங்கியே போகிறது. எல்லா ஏற்றங்களையும் கூட்டினால் பதினோராயிரம் மீற்றருக்கு மேல் வரும். எங்கள் நாட்டின் ஆக உயர்ந்த பிதுருதலாகல மலை 2524 மீற்றர். கடல் மட்டத்திலிருந்து அதன் உச்சிக்கு நான்கு தடவைக்கு மேல் ஏறுவதற்குச் சமம்.

என் சைக்கிள் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயில் சில வாகனங்கள் ஓடின. மற்ற எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி கேட்போம். என்னிடம் இருந்தது அப்பாவின் பழைய றலி சைக்கிள்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மம்மாவைக் கரியரில் இருத்தி, ஹாண்டிலில் இரண்டு பைகளைக் கொழுவிக்கொண்டு புறப்பட்டோம். ஏறி ஓட இடமில்லை. செம்மணிப் பக்கத்தால் நாவற்குழிப் பாலம் வரை சனம் அடி அடியாக நகர்ந்தது. மழையும் பெய்தது. நான் முன்னால் தள்ள, அம்மா பின்னால் அம்மம்மாவைப் பிடித்துக்கொண்டு வந்தா. சாவகச்சேரி போய்ச் சேர மறுநாள் பின்னேரம் ஆகிவிட்டது.

அந்த இரவுக்குப் பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதை நான் வெறுத்தேன். பல வருடங்களுக்குப் பிறகு இலண்டனில், வயோதிபர் இல்லத்தில் வேலை செய்யும்போது, பஸ் காசை மிச்சம் பிடிக்க மீண்டும் சைக்கிள் வாங்கினேன். அப்போதும் அப்படித்தான். காற்றுப் போனாலும் தள்ளமாட்டேன். தெருவோரத்தில் நின்று ஒட்டிவிட்டுத்தான் போவேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை.

கூட வேலை செய்த ஒரு தாதிதான் என்னைச் சைக்கிள் கழகத்தில் சேர்த்துவிட்டா. 2012 ஒலிம்பிக் சைக்கிள் போட்டி நடந்த பொக்ஸ் ஹில் என்ற குன்றில் எனக்கு ஏற்றம் ஏறப் பழக்கினார்கள். அங்கே படித்தவை இவைதான். ஏற்றம் தொடங்க முன்பே கியரை இலேசாக்க வேண்டும். பாரத்தோடு மிதித்துக்கொண்டு மாற்றினால் செயின் கழன்றுவிடும். பக்கத்தில் வருபவரோடு கதைக்கக்கூடிய வேகத்தில்தான் மிதிக்க வேண்டும். கதைக்க முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். பசிக்க முன்பே சாப்பிட வேண்டும். உச்சியைப் பார்க்காமல் முன்சில்லுக்கு முன்னால் நாலு முழம் பார்க்க வேண்டும். கடைசியாக ஒன்றும் சொன்னார்கள்: முடியாவிட்டால் இறங்கி நட. முதல் நான்கையும் பழகிக்கொண்டேன். ஐந்தாவதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறு மாலை 6.15 மணிக்கு ரம்பூயேயிலிருந்து புறப்பட்டேன். ஆறாயிரம் பேருக்கு மேல் ஓடினார்கள். மிகப் பெரும்பாலானோர் ஆண்கள். இருட்டியதும் முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சிவப்பு விளக்குகள் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தன. பலருடைய விளக்குகள் டைனமோவில்தான் எரிந்தன. இந்தக் காலத்து டைனமோ முன்சில்லின் நடுவிலேயே இருக்கிறது. என்னுடையதும் அதுதான்.

மறுநாள் எதிர்க்காற்று. அது எனக்குப் பழக்கம், தலையைக் குனிந்துகொண்டு போனேன். கல்லால் கட்டிய வீடுகள், சோளத் தோட்டங்கள், ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தேவாலயக் கோபுரம். வீட்டு வாசல்களில் மேசை போட்டு வைத்திருந்தார்கள். தண்ணீர், கோப்பி, அப்பம் போல மெல்லிதாகச் சுட்ட பலகாரம். சிறு பிள்ளைகள் எங்கள் போத்தல்களை வாங்கிக்கொண்டு ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு வந்தார்கள். நள்ளிரவிலும் கிழவர்கள் கதிரை போட்டு இருந்தார்கள். ஓரிடத்தில் நான் காசை நீட்டியபோது அந்த வீட்டுக்காரப் பெண் வாங்கவில்லை. ஊருக்குப் போனதும் ஒரு தபாலட்டை அனுப்பினால் போதும் என்று சைகையால் காட்டி, முகவரியை எழுதித் தந்தா.

லூதேயாக் என்ற ஊரில் மூன்று மணித்தியாலம் படுத்தேன். செவ்வாய் விடியற்காலை றொக் திறெவெஸெல் ஏறினேன். நான் மிகவும் பயந்திருந்த ஏற்றம் அதுதான். ஆனால் நீளமே தவிர, செங்குத்து அல்ல. புகாருக்குள் ஊதாப் பூப் பற்றைகள் மட்டும் தெரிந்தன. ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பாதை இறங்கத் தொடங்கியபோதுதான் உச்சி கடந்துவிட்டது என்று விளங்கியது. பிறகு பிரெஸ்ற். எலோர்ன் ஆற்று முகத்துவாரத்தின் மேலுள்ள பழைய பாலத்தில் நின்று கடலைப் பார்த்தேன். பாதித் தூரம் முடிந்திருந்தது.

என்னை மடக்கியது பெரிய ஏற்றம் அல்ல, சின்ன ஏற்றங்கள். புதன்கிழமை, நான்காவது நாள் இரவு. வில்லேன் என்ற ஊரைத் தாண்டி, குன்றின் மேல் இருக்கும் மோர்த்தாஞ் என்ற ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். ஆயிரம் கிலோமீற்றர் கடந்துவிட்டது. நல்ல குளிர். வலது முழங்கால் பகலிலிருந்தே நொந்தது. ஆக இலேசான கியரிலும் மிதிக்க முடியவில்லை. ஆனாலும் இறங்கமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பி நின்று மிதித்தேன். ஓர் ஏற்றத்தின் நடுவில் சைக்கிள் இரண்டு பக்கமும் ஆடி, புல்லுக்குள் சாய்ந்துவிட்டது. நான் அங்கேயே இருந்து அழுதேன். நோவுக்காக மட்டும் அழவில்லை. தள்ளத்தான் வேண்டும் என்று தெரிந்ததால் அழுதேன்.

அப்போது ஒரு பெண் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், பிரெஞ்சுக்காரி. என் பாஷை அவவுக்குத் தெரியாது, அவவின் பாஷை எனக்குத் தெரியாது. என் சைக்கிளைத் தூக்கி நிமிர்த்திவிட்டு, தன் மணிக்கூட்டைத் தட்டி, இரண்டு விரலைக் காட்டினா. இரண்டு மணித்தியாலம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு மேலே கையைக் காட்டிவிட்டு நடக்கத் தொடங்கினா. நானும் எழும்பித் தள்ளினேன்.

நடக்கும் வேகத்துக்கு டைனமோ விளக்கு மங்கி மங்கி எரிந்தது. முன்னால் பார்த்தால் இன்னும் பல பேர் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. அத்தனை நேரமும் அவர்களை நான் கவனிக்கவில்லை. மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். அந்த ஏற்றம் எண்ணூறு மீற்றர் இருக்கும். ஓடினால் ஆறு நிமிடம், நடந்தால் பன்னிரண்டு நிமிடம். நட்டம் ஆறு நிமிடம்தான். அந்த ஆறு நிமிடத்துக்காக முழங்காலை உடைக்கப் பார்த்திருக்கிறேன். விடிய முன் இன்னும் ஐந்து ஏற்றங்களில் இறங்கித் தள்ளினேன். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஏறி இருந்து, இறக்கத்தில் ஓடினேன். வியாழன் காலை 10.55 க்கு ரம்பூயே வந்து சேர்ந்தேன். 88 மணித்தியாலம் 40 நிமிடம்.

அன்று பின்னேரம் இணுவிலுக்கு அம்மாவோடு தொலைபேசியில் கதைத்தேன். "கடைசியில தள்ளிக்கொண்டுதான் வந்தனான் அம்மா" என்றேன். கொஞ்ச நேரம் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னா: "அண்டைக்கும் நீ தள்ளினபடியாத்தானே பிள்ளை, அம்மம்மா பிறகும் ஒன்பது வருசம் எங்களோட இருந்தவ."

இருபத்து நான்கு வருடமாக அந்த இரவை நான் அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. அம்மம்மா 2004 இல், எங்கள் வீட்டுக் கட்டிலில், அம்மாவின் கையால் தண்ணீர் குடித்துவிட்டுக் கண்ணை மூடினா. நான் தள்ளியது வீண்போகவில்லை.

இப்போதும் நான் சைக்கிள் ஓடுகிறேன். ஏற்றத்தில் முடியாவிட்டால் இறங்கிவிடுவேன்.

கோப்பி தந்த பிரெஞ்சுப் பெண்ணுக்குச் சொன்னபடி தபாலட்டை அனுப்பினேன். இன்னொருவருக்கும் அனுப்ப வேண்டியிருக்கிறது. 1995 இல், அந்த மழை இரவு முடிந்த விடியற்காலை, கைதடியில் ஒரு வீட்டுப் படலையடியில் நின்று, அம்மம்மாவுக்குச் செம்பில் சுடுதண்ணீரும் எங்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு பாணும் தந்த அக்கா ஒருவர். பெயர் கேட்க நேரமில்லை. அவவின் முகவரி என்னிடம் இல்லை. அந்த அக்கா இதை வாசித்தால், இதையே என் தபாலட்டையாக ஏற்றுக்கொள்ளட்டும்.