கரண்ட் போன நேரம்

பள்ளிபாளையத்தில் என் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே எதிர்வீட்டுத் திண்ணை. அதில் உட்கார்ந்திருப்பவர் நாற்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். நாடா அடிபடும் சத்தத்தில் பட்டறைக்குள் வாய்ப்பேச்சு எடுபடாது. கையும் கண்ணும்தான் பேசும். இன்றைக்கும் டீ வேண்டுமென்றால் பெருவிரலைச் சாய்த்துக் காட்டுவார்.

காதுக்குள் சில்வண்டு கத்துகிறதாம். தெருவுக்கே தெரியும்.

சாயங்காலமானால் மடியிலிருந்து மொபெட் சாவி வெளியே வரும். வேட்டி நுனியில் ஒரு துடைப்பு. பிறகு தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, மெல்லத் திருகுவார். கால் பெருவிரல் தானாக மேலே எழும்பும். அப்படி ஒரு சுகம்! சாவி அழுக்கை எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதுதான் அதிகம். அது கட்டியாக அடைத்துக்கொண்டால் வெளிச்சத்தம் மங்கும், வண்டு தெளிவாகும்.

"ஏனுங்க, மறுபடியும் சாவியா?" உள்ளேயிருந்து வீட்டம்மாவின் குரல். அவருக்குக் கேட்டதா, கேட்காததுபோல் இருந்தாரா, மாடியிலிருந்து சொல்ல முடியாது.

முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கத்தரித்து வாங்கிய மாத்திரைகள் திண்ணை ஓரத்தில் கிடக்கும். ஆஸ்பிரின் வகையறா அளவு மீறினால் அதுவே காதில் இரைச்சல் கிளப்பும். குழுக்கடன் தவணை வசூலிக்க ஆள் வந்துபோன நாளில் அவர் பேசவே மாட்டார். காதுக்குக் கீழே தாடை மட்டும் புடைத்துப் புடைத்து அடங்கும். பல்லைக் கடித்தால் சிலருக்கு வண்டின் சுருதியே ஏறும். அன்று ராத்திரி தூக்கமும் இருக்காது. தூக்கம் கெட்டால் மறுநாள் வண்டு இன்னும் கத்தும். டீயை மட்டும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அதில் ஆராய்ச்சிக்காரர்களே ஒத்துப்போகவில்லை.

நேற்று ராத்திரி பதினொன்றுக்குக் கரண்ட் போனது. தெருவிலிருந்த தறியெல்லாம் ஒரே மூச்சில் நின்றது. எனக்கு நிம்மதி. அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார், இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்தியபடி. உட்செவியில் ஒலியை வாங்கும் மயிரணுக்கள் ஒரு காதுக்குப் பதினைந்தாயிரம் போலத்தான். தறிச்சத்தத்தில் செத்தவை மறுபடி முளைப்பதில்லை. வராத ஒலிக்காக மூளை தானே சத்தத்தைக் கூட்டிவைக்கிறது. வெளியே அமைதியானால் உள்ளே அது ஒன்றுதான் பாக்கி.

பொத்திய கையை எடுத்தார். மறுபடி பொத்தினார்.

முக்கால் மணி கழித்துக் கரண்ட் வந்தது. மூன்றாவது வீட்டில் தறி ஒன்று தடக், தடக்கென்று ஆரம்பித்தது, பின்னாலேயே மற்றவை. அவர் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தார்.

நான் ஜன்னலைச் சாத்தினேன்.