வயிற்றைத் தொடாமல் ஒரு வழி

இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரே குழாய். ஒரு கேமராவும் மூன்று கருவிகளும் அதற்குள்ளேயே இறங்குகின்றன. கருவி ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் தடிமன்தான். உள்ளே போய்ச் சேர்ந்ததும் முழங்கையை மடக்கி ஒன்றைவிட்டு ஒன்று விலகும், பிறகு மணிக்கட்டைத் திருப்பும். டாவின்சி எஸ்பி என்னும் இந்த ரோபாட்டைச் சிறுநீரியல் அறுவை சிகிச்சைகளில் பயன்படுத்த அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2018-இல் அனுமதித்தது. அமெரிக்காவில் சிறுநீரியல் அறுவை மருத்துவனாக இருக்கும் எனக்கு இதன்மேல் பெரும் பற்று உண்டு. ஆனால் எல்லோரும் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

எல்லோரும் தழும்பைப் பற்றிப் பேசுகிறார்கள். அறுபது வயதைக் கடந்து புராஸ்டேட் புற்றுநோயோடு வருபவருக்குத் தழும்பு அவ்வளவு பெரிய கவலை அல்ல. அவர் கேட்பது மூன்றுதான்: நோய் போய்விடுமா, சிறுநீர் கசியாமல் இருக்குமா, தாம்பத்தியம் என்னாகும்? என்னைப் பொறுத்தவரை ஒற்றைத் துளையின் மதிப்பு, குடல் இருக்கும் வயிற்றறைக்குள் காலே வைக்காமல் உறுப்பை எட்ட முடிகிறது என்பதில்தான் இருக்கிறது.

வழக்கமான ரோபாட்டிக் முறை எளிதில் கிடைத்ததல்ல. 2000-இல் ஐரோப்பாவில் முதல் புராஸ்டேட் அறுவைகள் நடந்தன. அதை உலகம் பின்பற்றும் முறையாக வளர்த்ததில் முன்னிற்பவர், புதுச்சேரி ஜிப்மரில் படித்து டெட்ராய்ட் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் பணியாற்றிய மணி மேனன். அந்த முறையில் வயிற்றில் ஐந்தாறு துளைகள் போட்டு, வாயு நிரப்பி, குடல் மேலே சரிய வேண்டும் என்பதற்காக நோயாளியைத் தலைகீழாகச் சாய்த்து வைப்போம். மணிக்கணக்கில் அப்படிச் சாய்ந்திருந்தால் நுரையீரல் அழுந்தும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். மயக்க மருந்து மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். முன்பே குடல் அறுவை ஆனவர் என்றால், ஒட்டிக்கிடக்கும் குடலைப் பிரிப்பதே தனி வேலை.

ஒரே கீறலில் முடிக்கும் ஆசை ரோபாட்டுக்கு முன்பே இருந்தது. 2007 வாக்கில் லேப்ராஸ்கோப்பியில் தொப்புள் வழியாகச் சிறுநீரகத்தை எடுத்துக் காட்டினார்கள். ஆனால் நேரான கருவிகள் ஒரே வாயில் நுழைந்தால் ஒன்றோடொன்று இடிக்கும். ஊறுகாய் ஜாடிக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவுவது போலத்தான். இடுக்கியைப் பக்கவாட்டில் விலக்கிப் பிடிக்க இடமே இருக்காது. கிளீவ்லாந்து கிளினிக்கின் ஜிஹாத் காவுக்கும் அவர் குழுவும் பழைய ரோபாட்டை வைத்தே இதை முயன்று பார்த்தார்கள். பிறகு இதற்கென்றே உருவான புதிய இயந்திரத்தில் 19 நோயாளிகளுக்குச் செய்த முதல் ஆய்வை 2014-இல் வெளியிட்டார்கள். மடங்கும் முழங்கைதான் அந்த மோதலைத் தீர்த்தது.

காவுக் குழு வளர்த்தெடுத்த வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது சிறுநீர்ப்பை வழியாகப் போவது. நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார், பெரிய சாய்வு கிடையாது. இடுப்பெலும்புக்குச் சற்று மேலே மூன்று நான்கு சென்டிமீட்டர் கீறல். சிறுநீர்ப்பையைத் திறந்து, ஓரங்களைத் தோலோடு தைத்து நிறுத்தி, அதற்குள் மட்டும் வாயு நிரப்புகிறோம். முழங்கை விரிய ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் இடம் வேண்டும். அந்த இடம் உள்ளே கிடைக்காது. அதனால் குழாயின் முனையை உடலுக்கு வெளியே, கீறலின் மேல் பொருத்திய உறைக்குள் நிறுத்துகிறோம். அங்கிருந்தே கருவிகள் விரிந்து இறங்குகின்றன.

உள்ளே போனதும் நான் முதலில் தேடுவது சிறுநீரகங்களிலிருந்து வரும் குழாய்களின் இரண்டு வாய்களை. அவற்றைக் கண்ணால் பார்க்காமல் கத்தரி நகரக்கூடாது. பிறகு சிறுநீர்ப்பையின் கழுத்தில் பின்பக்கமாகக் கீறி விந்துப்பைகளை அடைகிறேன். புராஸ்டேட்டின் இரு பக்கமும் தாம்பத்தியத்துக்கு வேண்டிய நரம்புகள் மெல்லிய படலத்துக்குள் ஓடுகின்றன. அவற்றைக் காக்கலாம் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பாட்ரிக் வால்ஷ் 1982-இல் செய்து காட்டினார். அந்த இடத்தில் மின்சூட்டை வைப்பதில்லை. சிறு ரத்தக் குழாய்களுக்குக் கிளிப் போட்டு, மெல்ல உரித்தெடுக்கிறேன்.

இந்தக் கருவியில் தொடுவுணர்வு கிடையாது. இழுப்பின் அளவைக் கண்தான் சொல்ல வேண்டும்: திசு வெளுக்கிறதா, நூல் சதையில் பள்ளம் போடுகிறதா, ஊசி நுழையும்போது விளிம்பு எவ்வளவு நகர்கிறது. சிறுநீர்ப்பையையும் சிறுநீர்த் தாரையையும் இணைக்கும் தையலில் இது எல்லாமே வேலைக்கு வரும். அங்கே அவசரம் காட்டியவனை நல்ல அறுவை மருத்துவன் என்று நான் சொல்லமாட்டேன்.

இப்படிச் செய்தவர்களில் பலர் அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள். குடல் தொடப்படாததால் மாலையிலேயே சாப்பிடுகிறார்கள். வலி மாத்திரைகளும் குறைவாகத்தான் தேவைப்படுகின்றன. சிறுநீரகத்துக்கும் இதேபோல அடிவயிற்றின் பக்கமாக, வயிற்றறைக்கு வெளியிலேயே போகும் வழி உண்டு. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு வயிற்றறையின் உறையைத் தொடாமல் முடிப்பது பெரிய உதவி.

குறைகளும் உண்டு. கருவிகளின் பிடி பழைய ரோபாட்டின் பிடியை விட மெலிது, கனமான உறுப்பைத் தூக்கிப் பிடிக்கத் திணறும். மிகப் பெரிய புராஸ்டேட் சுரப்பிக்கும், நிணநீர்க் கட்டிகளை அகலமாக எடுக்க வேண்டிய நோய்க்கும் சிறுநீர்ப்பை வழி ஏற்றதல்ல. சிறுநீரகத்தில் கட்டி ஆழமாக, ரத்தக் குழாய்க்கு அருகில் இருந்தால் நான் பல துளை முறைக்கே போகிறேன். அங்கே ரத்தக் குழாயைக் கிளாம்ப் போட்டு மூடிவைக்கும் ஒவ்வொரு நிமிடமும் சிறுநீரகத்துக்குப் பாதிப்பு. அந்த நேரத்தில் வலுவான கை வேண்டும். புற்றுநோயைக் கட்டுப்படுத்துவதில் ஒற்றைத் துளை மேலானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதுவரை வந்த ஒப்பீடுகள் முக்கியமாகக் காட்டுவது, வலியிலும் மருத்துவமனையில் தங்கும் நேரத்திலும் உள்ள வித்தியாசத்தைத்தான்.

உங்களுக்கோ உங்கள் அப்பாவுக்கோ இப்படி ஒரு அறுவை தேவைப்பட்டால், ரோபாட்டின் மாடலை விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் மருத்துவர் எந்த வழியாக உள்ளே போகப்போகிறார், ஏன் அந்த வழி, அதை எவ்வளவு காலமாகச் செய்து வருகிறார் என்று கேளுங்கள். முன்பு வயிற்றில் நடந்த அறுவைகள் எல்லாவற்றையும், சிறு வயதில் நடந்தது உட்பட, மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.