எந்தப் பக்கம் வீடு

அமெரிக்காவில் வேலை தேடும் தம்பி ஒருவன் கேட்டான்: "டல்சாவா, மில்வாக்கியா, எந்த ஊருண்ணே வாழத் தோது?" வாடகை, குளிர், சம்பளமெல்லாம் அவனே கணக்குப் போட்டுவிட்டான். வாடகைக்கு வீடு கேட்ட வாசலிலெல்லாம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கப்பட்ட எனக்கு வேறு கணக்குதான் வரும்.

டல்சாவில் 1921இல் கிரீன்வுட் என்ற கறுப்பர் பகுதியை வெள்ளைக் கும்பல் கொளுத்தியது. ஆயிரத்துக்கும் மேல் வீடுகள் சாம்பல். ஒரு வெள்ளையனும் ஜெயிலுக்குப் போகவில்லை. அந்தச் சனங்க திரும்பக் கட்டினாங்க. பிறகு அரசாங்கம் அதற்குள்ளேயே நெடுஞ்சாலை போட்டது.

மில்வாக்கி மட்டும் யோக்கியமா? வீடு கொடுக்க நிறம் பார்க்கக் கூடாதென்று வெல் பிலிப்ஸ் என்கிற கறுப்பினப் பெண் 1962இல் நகரசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். விழுந்தது அவருடைய ஒரே ஓட்டு. 1967 ஆகஸ்டில் கறுப்பின இளைஞர்கள் 16ஆவது தெருப் பாலத்தைக் கடந்து வெள்ளையர் பக்கம் நடந்தார்கள். கல்லும் பாட்டிலும் பறந்தன. அந்த ஊர்ப் பனியிலும் விடாமல் 200 நாள் நடந்தார்கள். 1968 ஏப்ரலில் சட்டம் வந்தது. இன்னமும் அங்கே பெரும்பாலும் கறுப்பர் ஒரு பக்கம், வெள்ளையர் ஒரு பக்கம்தான்.

இருந்தாலும் மில்வாக்கிக்கே போடா என்றேன். குளிருக்குக் கம்பளி வாங்கிக்கலாம். அந்தப் பாலத்துல ஒருதரம் நடந்து பார்த்துட்டு எழுது.