கூப்பிடு தூரம்

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம் தெரியுமா உங்களுக்கு? வான்வழியில் கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர். விமானத்தில் சுமார் நாலு மணி நேரம். ஏறுகிற நேரம், இறங்குகிற நேரம் எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால் மணிக்கு 750 கிலோமீட்டர் வேகம். 'இதோ இருக்கு சிங்கப்பூர்' என்றுதான் சொல்லத் தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கொல்லிமலை பஸ்ஸில் அந்தத் தம்பியைப் பார்க்கிறவரை.

நாமக்கல்லில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். மடியில் ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். சேந்தமங்கலம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"செம்மேடு போக எவ்ளோ நேரமாகுங்ணா?"

"நீங்க எந்த ஊர் தம்பி?"

"மலையிலதாங்ணா. சிங்கப்பூர்ல வேலை. அப்பா தவறிட்டாருன்னு ராத்திரி போன் வந்துச்சு. எனக்காக வச்சிருக்காங்க. பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாகணும்ங்கறாங்க."

சொந்த ஊருக்கு வழி தெரியாமல் கேட்கவில்லை. யாராவது 'சீக்கிரம் போயிடலாம்' என்று சொல்ல மாட்டார்களா என்று கேட்டிருக்கிறார்.

காரவள்ளியில் மலைப்பாதை ஆரம்பம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. சுற்றுலா வந்த பிள்ளைகள் "பன்னெண்டு... பதிமூணு..." என்று எண்ணிக் கத்திக்கொண்டு வந்தார்கள். தம்பியும் எண்ணினார், சத்தமில்லாமல்.

"நாலு மணி நேரத்துல கடலையே தாண்டிட்டேங்ணா. இறங்கி அஞ்சு மணி நேரமாச்சு, இன்னும் மலை ஏறி முடியல."

நாற்பதாவது வளைவில் வாட்ச்சைப் பார்த்தவர் பதறிவிட்டார். "அஞ்சேகால் ஆயிருச்சுங்ணா!"

"தம்பி, உங்க வாட்ச் இன்னும் சிங்கப்பூர்லயே இருக்கு. அவங்க நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னால. இங்க ரெண்டே முக்கால்தான் ஆகுது."

அப்போதுதான் அழுதார்.

செம்மேட்டில் இரண்டு பேர் பைக்கோடு காத்திருந்தார்கள். பொழுது சாய நேரமிருந்தது. போய்ச் சேர்ந்திருப்பார்.

தூரத்தை நம் பெரியவர்கள் 'கூப்பிடு தூரம்' என்று அளந்தார்கள். கூப்பிட்டால் வந்து நிற்கிற தூரம். செல்போன் வந்ததும் உலகமே கூப்பிடு தூரமாகிவிட்டது என்று நினைக்கிறோம். குரல் ஒரு நொடியில் போய்விடுகிறது; ஆள் வரணுமே! லீவு, டிக்கெட், ஏர்போர்ட் வரிசை, பஸ், வளைவுகள்... இதெல்லாம் அந்த நாலு மணி நேரக் கணக்கில் வருவதே இல்லை.

அப்பா, அம்மா இருக்கிற ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள். உங்கள் வாசலிலிருந்து அவர்கள் வாசலுக்கு எத்தனை மணி நேரம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான் போட்டுப் பார்த்தேன். அடுத்த வாரமே ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.