தமிழ் வராது என்றேன்

2004 நவம்பர் 9-ஆம் தேதி பயர்பாக்ஸ் 1.0 உலாவி வெளிவந்தது. அந்த ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறையில் எதிர்வீட்டுப் பையன் அதைக் குறுந்தட்டில் கொண்டுவந்தான். மலேசியாவின் பாச்சாங்கில் எங்கள் வரிசை வீடுகளில் கணினியில் எது கெட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பார்த்ததும் பிடித்துப்போனது. ஒரே சன்னலில் நாலைந்து பக்கங்களைத் திறந்து வைக்கலாம். குறுக்கே வந்து விழும் விளம்பரம் இல்லை. பிறகு அவன் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தான். கொம்பும் வாலும் முளைத்த ஆங்கில எழுத்துகள்தான் வந்தன.

"ஏன் அங்கிள் இப்படி வருது?"

"இதுக்குத் தமிழ் வராதுப்பா. எடுத்துப் போட்டுடு."

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் அப்போதே அதை நீக்கினான். அந்த வாரம் கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன்.

குறை உலாவியில் இல்லை. யூனிகோடு இன்னும் பரவாத காலம் அது. பல தமிழ்ப் பக்கங்கள் திஸ்கி போன்ற குறியாக்கங்களில் இருந்தன. ஐரோப்பிய எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் தமிழை உட்கார வைத்திருந்தார்கள். உரிய எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் கொம்பெழுத்து. அவன் திறந்த பக்கம் தன் எழுத்துருவைக் கூடவே அனுப்பியது. ஆனால் அது இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மட்டுமே புரியும் வடிவம். எழுத்துருவைக் கணினியில் ஏற்றியிருந்தால் போதும். சில நிமிட வேலை.

இதையெல்லாம் அறியாத ஊரா நம்முடையது? 1985-லேயே முத்து நெடுமாறன் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய நாடு இது. என் கணினியிலும் முரசு அஞ்சல் இருந்தது. தமிழ் எழுத்துக்கும் எழுத்துருவுக்கும் உள்ள உறவை அதை வைத்துத்தான் மற்றவர்களுக்கு விளக்குவேன். அன்று அந்தப் பையனுக்காக ஐந்து நிமிடம் யோசிக்கவில்லை.

சில மாதம் கழித்து வேறொரு வேலைக்காக அந்த எழுத்துருவை ஏற்றினேன். அதே பக்கம் அதே உலாவியில் சுத்தத் தமிழாக நின்றது. நாலடி எடுத்து வைத்தால் எதிர்வீடு. நான் போகவில்லை. சொன்னால் என் பேச்சுக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்று பயந்தேன். அதன் பிறகு அவன் தமிழ்ப் பக்கம் எதையும் என்னிடம் கொண்டுவரவில்லை.

அவன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். "எனக்குக் கம்ப்யூட்டர் கத்துக் குடுத்தவங்க" என்று மனைவியிடம் சொல்லி, இருவருமாகக் காலில் விழுந்தார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.