மைக் செட்காரரின் காது

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. ஆடி பிறந்துவிட்டால் இங்கும் சுற்றுவட்டார ஊர்களிலும் மைக் செட் வேலை செய்பவர்களுக்கு ஓய்வு கிடையாது. கூழ் ஊற்றுவது, தீமிதி, பிள்ளையார் சதுர்த்தி என்று வரிசையாக வரும். நடுவில் காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம். இவர்களுடைய வேலையை அருகிருந்து பார்க்கவே இந்தப் பக்கம் வந்தேன். வாடகை பேசும்போது விழாக்காரர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: எத்தனை பாக்ஸ், எத்தனை வாட்ஸ்? ஆனால் பாடகர் பாடும் வரி கடைசி வரிசைக்குத் தெளிவாகப் போய்ச் சேருமா, தவிலின் இரண்டு தலைகளும் தனித்தனியாகக் கேட்குமா என்பதை இந்த இரண்டு எண்களும் முடிவு செய்வதில்லை. மைக்கிலிருந்து ஸ்பீக்கர் வரை ஒலி கடந்துபோகும் ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு கூட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதுதான் முடிவு செய்கிறது. அந்தக் கணக்கு மைக் செட்காரரின் காதில் இருக்கிறது. நாம் பெட்டிக்கு வாடகை கொடுக்கிறோம். அந்தக் காதுக்கு எதுவும் கொடுப்பதில்லை.

மைக்கில் பிறக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது, சில மில்லிவோல்ட் அளவுதான். ஆம்பிளிபயரின் முதல் நிலை அதைப் பலமடங்கு பெருக்குகிறது. பிறகு பேஸ், ட்ரபிள் திருத்தம். அதன்பின் மாஸ்டர் வால்யூம். கடைசியில் ஸ்பீக்கரை அசைக்கும் திறன்நிலை. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதைத் தாண்டினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும், குரல் உடையும். வேலை தெரியாதவர் செய்யும் முதல் பிழை, மைக் சேனலின் கெய்னை, அதாவது முதல் நிலைப் பெருக்கத்தை, முழுக்கத் திறந்துவிட்டு மாஸ்டரைக் குறைத்து வைப்பது. சத்தம் அளவாகத்தான் வரும், ஆனால் குரல் கரகரக்கும். முதல் மடையிலேயே கலங்கிவிட்ட நீர் கடைமடையில் தெளியாது என்பது வீராணம் ஏரிப் பாசனக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒலிக்கும் அதுவே விதி. அனுபவப்பட்ட ஆபரேட்டர், பாடுபவரை உச்சக் குரலில் ஒரு வரி பாடச் சொல்லி, சிவப்பு விளக்கு மின்னாத அளவுக்கு முதலில் கெய்னை நிறுத்துகிறார். மாஸ்டருக்கு அவர் கை போவது அதற்குப் பிறகுதான்.

இந்த விதியின் மறுபக்கத்தைக் காட்டுவது மின்கிதாருக்கான வால்வ் ஆம்பிளிபயர். 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடை, அமெரிக்காவின் ஃபென்டர் பாஸ்மேன் ஆம்பிளிபயரைப் பின்பற்றித் தன் முதல் பெட்டியைச் செய்தது. அதை அளவுக்கு மீறி முறுக்கியபோது வந்த உடைந்த ஒலியையே ராக் கலைஞர்கள் விரும்பி எடுத்துக்கொண்டார்கள். பின்னர் கலிபோர்னியாவில் ராண்டல் ஸ்மித் முன்நிலைப் பெருக்கங்களை அடுத்தடுத்துக் கோத்து, குறைந்த சத்தத்திலேயே அந்த முறுக்கம் கிடைக்க வழி செய்தார். இன்றைய பல சேனல் ஆம்பிளிபயர்களின் அடிப்படை இதுதான்: ஒரு சேனல் தெளிவுக்கு, இன்னொன்று முறுக்கத்துக்கு. அங்கும் நல்ல தொனி எடுக்கும் வழி எல்லாக் குமிழ்களையும் முழுக்கத் திருகுவதில்லை. முதலில் தெளிவான சேனலைச் சரிசெய்து, சேனல் மாற்றும்போது சத்தம் எகிறாதபடி இரண்டின் மாஸ்டரையும் ஈடுசெய்து, கெய்னைத் தேவைக்குச் சற்றுக் குறைவாகவே நிறுத்துவார்கள். கூடுதல் கெய்ன் தனியாக வாசிக்கும்போது கொழுத்துக் கேட்கும். குழுவோடு சேர்ந்தால் மற்ற வாத்தியங்களுக்குள் கரைந்து காணாமல் போய்விடும். கிதார்காரர் உடைசலை வேண்டிப் பெறுகிறார், மைக் செட்காரர் அதை விலக்குகிறார். எந்த நிலையில் எவ்வளவு உடைகிறது என்று இருவரும் அறிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு மைக் செட்டும் வால்வில்தான் தொடங்கியது. 1940இல் தொடங்கிய அஹூஜா நிறுவனத்தின் பெயர் இன்றும் ஊர் ஊராக ஆம்பிளிபயர்களின் முகப்பில் இருக்கிறது. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1960களில் வால்வுகளை உள்நாட்டிலேயே தயாரித்தது. வால்வின் மேல் பழைய ஆட்களுக்கு இருக்கும் பற்றுக்குக் காரணம் உண்டு. எல்லையைத் தாண்டும்போது வால்வ் செட் ஒலியை மெல்ல மழுக்கும். டிரான்சிஸ்டர் செட் சட்டென்று வெட்டும். ஆனால் அந்தக் காலத்து இனிமை முழுவதையும் வால்வின் கணக்கில் எழுதுவது தவறு. அன்று ஒலித்தது கூம்புக் குழாய். அதில் அடித்தொனியும் மிக நுண்ணிய மேல்தொனியும் வராது. நடுத்தொனி மட்டும் வெகுதூரம் பாயும். சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரலும் ஆடி மாதத்தில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்களும் அந்தக் குழாயில் எடுபட்டதற்கு, அவர்களுடைய குரலின் வலுவும் குழாயின் வலுவும் ஒரே இடத்தில் சேர்ந்தது காரணம். கருவியும் ஒலிமூலமும் பொருந்துவதே தொனி. அந்தப் பொருத்தத்தை இப்போது ஆபரேட்டர் ஒவ்வொரு மேடையிலும் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கிறது.

வாட்ஸ் கூடினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையைக் கணக்கு போட்டே பார்த்துவிடலாம். ஆம்பிளிபயரின் திறனை 100 வாட்ஸிலிருந்து 200 ஆக்கினால் ஒலிமட்டம் 3 டெசிபல்தான் உயரும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் தேவை. திறந்தவெளியில் ஸ்பீக்கரிலிருந்து உள்ள தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறைகிறது. ஆகவே பந்தலின் முன்புறம் பெட்டிகளை அடுக்கி, பின்வரிசைக்குக் கேட்பதற்காகக் கூட்டிக்கொண்டே போனால் முன்வரிசைக் குழந்தையின் காதுதான் நோகும். அதே பெட்டிகளில் இரண்டை நடுப்பந்தலுக்கு நகர்த்தினால் முன்னால் குறைத்துக்கொள்ளலாம். அப்படி வைக்கும்போது எல்லாவற்றையும் ஒரே திசை பார்த்துத் திருப்புவது அவசியம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது. 34 மீட்டர் தள்ளி நிற்கும் பெட்டியின் ஓசை பத்தில் ஒரு நொடி பிந்தி வரும். எதிரெதிராகப் பார்க்கும் பெட்டிகளுக்கு இடையே ஒன்றின் பக்கமாக நிற்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும்.

தெருவுக்கு இழுக்கும் லைனிலும் இதே அறிவு வேலை செய்கிறது. 100 வாட்ஸை 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேராக அனுப்பினால் கம்பியில் சுமார் 3.5 ஆம்பியர் ஓடும். அதையே 100 வோல்ட் லைனில் அனுப்பினால் 1 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் திறன் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இருப்பதால் இழப்பு ஏறக்குறைய 12 மடங்கு குறைகிறது. இந்தச் சூத்திரத்தை எழுதிக்காட்டச் சொன்னால் பல தொழிலாளர்கள் தயங்கலாம். ஆனால் கோயிலிலிருந்து ஊர் எல்லைவரை போகும் லைனுக்கு எந்த டிரான்ஸ்பார்மர், எத்தனை யூனிட் என்று முடிவு செய்வதில் அவர்களுக்குத் தயக்கம் இல்லை. கம்பி மாட்டியதும் சாதாரண ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பார்ப்பதைக் கவனியுங்கள். காகிதக் கூம்பு முன்னால் தள்ளினால் பிளஸ், மைனஸ் சரி. பக்கத்துப் பெட்டி பின்னால் இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து அடித்தொனி காணாமல் போகும். எத்தனை ஆயிரம் வாட்ஸ் ஏற்றினாலும் திரும்பக் கிடைக்காத பேஸை அந்தச் சின்ன பேட்டரி மீட்டுத் தந்துவிடுகிறது.

பழுது பார்க்கும் மேசையிலும் இந்த வாதத்துக்குச் சான்று கிடைக்கிறது. குழாயின் பின்னாலுள்ள யூனிட்டைத் திறந்தால் உள்ளே மெல்லிய சவ்வும் அதில் ஒட்டிய கம்பிச்சுருளும் இருக்கும். எரிந்த சுருள் கருத்து, பூச்சு உரிந்து, தனி வாடை வீசும். புதிய சவ்வை வைப்பதற்கு முன் காந்தத்தின் வட்ட இடுக்கில் ஒட்டுநாடாவை மடித்து நுழைத்துச் சுற்றி எடுக்கிறார்கள். இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒரு துகள் மிஞ்சினாலும் சுருள் உரசும், ஒலி கரகரக்கும். திருகுகளை ஒருபக்கமாக இறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குகிறார்கள். சுருள் ஏன் எரிந்தது என்ற கேள்வி இன்னும் முக்கியம். ஆம்பிளிபயரை எல்லைக்கு மேல் விரட்டும்போது வெட்டுப்பட்ட அலை சுருளுக்கு இளைப்பாற இடம் தராமல் மின்சாரத்தைத் தள்ளுகிறது. சுருள் சூடேறி எரிகிறது. “இன்னும் கூட்டுங்கண்ணே” என்று மேடையிலிருந்து வரும் குரலுக்கு அசையாமல் இருக்கத் தெரிந்த ஆபரேட்டர், கேட்பவர் காதையும் முதலாளியின் பொருளையும் ஒருசேரக் காப்பாற்றுகிறார்.

வாத்தியத்துக்கு வாத்தியம் இந்தக் கணக்கு மாறுகிறது. நாகஸ்வரம் மைக் இல்லாமலே தெருவைக் கடக்கும் வாத்தியம். அணைசுக்கு நேராக மைக்கை ஒட்டி வைத்தால் முதல் நிலையே நிரம்பிவிடும். சற்றுத் தள்ளி, கொஞ்சம் சாய்த்து வைத்தால் சீவாளியின் நெளிவும் கேட்கும். தவிலில் ஒரு தலையைக் குச்சியும் மறுதலையைக் கூடு மாட்டிய விரல்களும் அடிப்பதால் ஒரே மைக் ஒரு தலைக்கு மட்டுமே நியாயம் செய்யும். தென்னார்க்காட்டுத் தெருக்கூத்தில் ஆடுபவரே பாடுகிறார். மேலிருந்து தொங்கும் மைக்கைக் கடந்து அவர் சுழன்று போகும்போதெல்லாம் ஆபரேட்டரின் விரல் அவரோடு போக வேண்டும். மெல்லிசைக் கச்சேரியில் கிதார் இன்னொரு சிக்கல். கிதார் ஆம்பிளிபயரின் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பகுதியைக் கடத்தாது. முறுக்கிய ஒலியின் முரட்டு முனைகள் அங்கேயே மழுங்கிவிடும். அதே ஒலியை நேராக மிக்ஸரில் செருகினால் மேல்தொனிக்கான ட்வீட்டர் அத்தனையையும் கக்கும், காது கூசும். ஸ்பீக்கர் முன்னால் மைக் வைத்தோ, அந்த மழுக்கத்தைச் செய்யும் பிராசஸர் வழியாகவோ வாங்குவதே சரி. ஒலிபெருக்கம் இசையின் பகுதியாகிவிட்டதற்கு நம்மிடமே பெரிய சான்று உண்டு: யு. ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசைக்கு எடுத்துக்கொண்டது மின்மாண்டலினை. மீட்டியதும் தேய்ந்துபோகும் நாதம் கமகத்தைத் தாங்கி நின்றதில் மின்பெருக்கத்துக்கும் பங்கு உண்டு.

டிஜிட்டல் மிக்ஸர் வந்த பிறகு இந்தக் காதுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மைக் கத்தும் அலைவரிசையைத் தானே கண்டு குறைக்கும் கருவிகள் இருக்கின்றன. ஒரு மேடையின் அமைப்பைச் சேமித்து அடுத்த மேடையில் எடுக்கலாம். ஆனால் முதல் நிலையில் உடைந்துபோன ஒலியை எந்த மென்பொருளும் முழுதாக ஒட்டித்தராது. தகரக் கொட்டகைக்குச் சேமித்த அமைப்பு துணிப்பந்தலுக்குப் பொருந்தாது. காலியான பந்தலில் சரிசெய்தது கூட்டம் நிரம்பியதும் மாறிவிடும், ஏனென்றால் மனித உடல்கள் மேல்தொனியை உறிஞ்சுகின்றன. புதிய கருவி முடிவுகளின் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறதே ஒழிய, முடிவெடுப்பவரின் தேவையைக் குறைக்கவில்லை. எர்த் இல்லாமல் இழுத்த லைனில் வரும் இரைச்சலையும் அதில் பதுங்கியிருக்கும் உயிராபத்தையும் முதலில் கண்டுகொள்வதும் அனுபவம்தான்.

மக்கள் சத்தத்தைத்தானே கேட்கிறார்கள், தொழிலாளி என்ன செய்வார் என்பது இன்னொரு மறுப்பு. போட்டி உள்ள இடத்தில் இதன் அழுத்தம் உண்மையானது. பாக்ஸ் குறைந்தால் அடுத்த ஆண்டு வாய்ப்பு போய்விடுமோ என்ற அச்சம் வயிற்றைச் சார்ந்தது. ஆயினும் சத்தத்துக்கு எல்லை இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. குறிப்பிட்ட சில விழா நாட்களில் மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. நோயாளியும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். விதியை மீறினால் பொறுப்பு கடைசியில் ஆபரேட்டர் தலையில் விடிகிறது. “கூட்டு” என்று கை காட்டியவர்கள் அப்போது பக்கத்தில் இருப்பதில்லை. தெளிவான ஒலிக்குச் சத்தம் குறைவாகவே போதும் என்பதால், தொனியைப் பேணும் தொழிலாளியே சட்டத்தையும் அண்டை வீட்டாரையும் பேணுகிறார்.

எனவே மாற வேண்டியது பெரும்பாலும் நம் பக்கம்தான். விழாக்குழு வாடகை பேசும்போது எத்தனை பாக்ஸ் என்பதோடு, எங்கெங்கே வைப்பீர்கள், எப்போது சோதிப்பீர்கள் என்றும் கேட்க வேண்டும். நிகழ்ச்சிக்கு முன் கலைஞர்கள் வந்து அரைமணி நேரம் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இசை பயிலும் மாணவர்கள் மைக்கின் முன் எப்படிப் பாடுவது என்பதை இந்தத் தொழிலாளர்களிடமிருந்தே கற்கலாம். மைக் செட்காரர்கள் டெசிபல் கணக்கையும் மின்பாதுகாப்பையும் முறையாகக் கற்க ஐடிஐக்களில் குறுகிய பயிற்சி தொடங்கலாம். விழா நோட்டீசின் அடியில் ஒலி ஒளி என்று கடையின் பெயர் வருகிறது. மிக்ஸர் முன்னால் உட்காரும் ஆபரேட்டரின் பெயரும் நாகஸ்வர, தவில் வித்வான்களின் பெயரோடு சேர்ந்து வரட்டும். அவர்கள் வாசித்தது ஊருக்கு எந்தத் தரத்தில் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அவரே பொறுப்பு. பொறுப்பு இருக்கும் இடத்தில் பெயரும் கூலியும் இருக்க வேண்டும்.