சங்கத்துக்கு வெளியே நின்றவர்

2023 ஜூன் 27, செவ்வாய், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

ஓய்வூதியக்காரர் வழக்கு இன்று முடிந்தது. அமினா அகமது என்ற அம்மையாரும் அவரோடு சேர்ந்த 56 பேரும் தொடுத்த வழக்கிலே, ஓய்வூதியத்தை ஆண்டுக்கு 2 விழுக்காடு என்று ஒரே அளவாக உயர்த்துவதற்காக 2013-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அரசியலமைப்புக்கு விரோதமானது, செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஜனவரி 13-ல் சொன்ன தீர்ப்பையே கூட்டரசு நீதிமன்றமும் இன்று ஸ்திரப்படுத்திவிட்டது. பழைய ஏற்பாட்டிலே, பணியில் இருப்பவனுடைய சம்பளத் திட்டம் திருத்தப்படும்போதெல்லாம் ஓய்வுபெற்றவனுடைய தொகையும் அதன் விரலைப் பிடித்துக்கொண்டு ஏறும். 2013-ல் அந்த விரலை விடுவித்து, இனி உனக்கு 2 விழுக்காடு, அதோடு திருப்தியடை என்றார்கள். ஓய்வுபெற்றவனுக்கு முன்பிருந்ததைவிடக் குறைவான நிலையை உண்டாக்கலாகாது என்று அரசியலமைப்பின் 147-ஆம் பிரிவு காவல் நிற்கிறது என்பதே வாதிகளின் பிரதான வாதம்.

மாலையில் சார்ஜன் வந்தார். இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் இவர் காவல்துறையிலே முப்பத்தைந்து வருஷத்துக்குமேல் சேவை செய்து ஓய்வுபெற்றவர். பெயர் எதுவாயினும் இந்தத் தெருவுக்கு அவர் சார்ஜன்தான், ஓர் அரசாங்க அலுவலகத்திலே குமாஸ்தாவாக இருந்து வயதானவனாகிய நான் அவருக்குக் கிராணி ஐயாதான்.

“ஜெயிச்சிட்டோம்னு சொல்றாங்களே, கிராணி ஐயா. கையில எவ்வளவு வரும்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. சட்டமே செல்லாது என்று ஆகிவிட்டபின், அந்தச் சட்டம் அளித்து வந்த 2 விழுக்காடு எந்தக் காலில் நிற்கும்? வழக்கில் வென்றவன் வீட்டுக்கு வந்து பார்த்தால் உண்டியல் இலேசாகியிருக்கும் விசித்திரமும் நியாயஸ்தலத்தில் நடப்பதுண்டு. இதை நான் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, “அந்த அம்மா கேஸ் போட்டாங்க. நாங்க வேலையில இருந்தப்போ இப்படிப் போட முடியுமா?” என்றார்.

முடியாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் சேர்ந்து நின்று கேட்க முடியாது. 1959-ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம், காவல்துறையினர், சிறைக் காவலர், இராணுவத்தார் ஆகியோர் எந்தத் தொழிற்சங்கத்திலும் அங்கத்தினராகலாகாது என்று பச்சையாகவே விலக்கிவைத்திருக்கிறது. நான் கியூபெக்ஸ் என்ற அரசாங்க ஊழியர் சங்கப் பேரவையைச் சார்ந்த சங்கமொன்றில் சந்தா கட்டி, கூட்டத்துக்குப் போய்ச் சூடான பேச்சும் ஆறிய போண்டாவும் உண்டு திரும்பிய காலத்திலே, இந்தச் சார்ஜன் அந்தக் கூட்டம் நடந்த மண்டபத்தின் வாசலிலே காவல் நின்றிருக்கலாம். முன்னாள் போலீஸ்காரர் சங்கம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. சார்ஜன் அதிலே உறுப்பினர். சங்கம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லும் பாத்தியதை அவருக்கு வேலை முடிந்தபிறகுதான் வந்தது என்பதை நான் இத்தனை நாளும் கவனிக்கவில்லை.

2023 ஜூலை 8, சனி, கிள்ளான்

சார்ஜனுடைய உறவினர் வீட்டுக் கல்யாணம். கே.எல். செண்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறினோம். சுபாங் ஜெயா, ஷா ஆலாம் என்று வரிசையாக வீடுகளே தொடர்ந்து வரும் இந்தப் பாதையில் ஒரு காலத்திலே ரப்பர் மரங்களே தொடர்ந்து வந்தன என்பதைச் சொன்னால் எதிரில் அமர்ந்து கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்த பிள்ளைகள் நம்புவார்களோ, மாட்டார்களோ. சார்ஜன் ஓரிடத்தில் ஜன்னலைக் காட்டி, “இங்கதான் எங்க தோட்டத்து லயம்” என்றார். நான் பார்த்தபோது ஒரு கார் விற்பனைக் கூடமும் பெட்ரோல் நிலையமும் கடந்து போயின.

அவருடைய தகப்பனார் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டமொன்றிலே பால்வெட்டுத் தொழிலாளி. 1941-ல் பதினாறு வயதுப் பையன். அந்த வருஷம் மார்ச்சிலிருந்து மே வரை கிள்ளான் தோட்டங்களிலே நடந்த வேலைநிறுத்தம் மலாயாத் தமிழருடைய சரித்திரத்தில் ஒரு பெரிய அத்தியாயம். தமிழ் நேசன் பத்திரிகையில் பணிபுரிந்த ஆர்.எச்.நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியைத் தமிழனுக்கும் கொடு, குழந்தைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம் வை, கள்ளுக்கடையை மூடு என்ற கோரிக்கைகளோடு, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் ஒன்று. கொடுமைக்காரக் கிராணிகளை மாற்றவேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. என்னைக் கிராணி ஐயா என்று அழைக்கும் மனிதர் பக்கத்திலே அமர்ந்திருக்க இதை நினைவுகூர்வது சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. மே மாதத்தில் நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார். போலீசும் துருப்புகளும் இறங்கின; துப்பாக்கிச் சூட்டிலே தொழிலாளர் மாண்டார்கள். சுட வந்த துருப்பிலும் இந்தியர் இருந்தார்கள் என்பதுதான் அந்தக் கதையின் முள்.

ஆகவே, தம்முடைய மகன் 1973-ல் போலீசில் சேரப்போவதாகச் சொன்னபோது அந்தப் பெரியவர் மூன்று மாதம் பேசவில்லையாம்.

“மாத்தா வேலைக்கா போறன்னு கேட்டாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. அப்புறம் அந்த வருஷக் கடைசியில விடாத மழை. வெட்டு இல்ல, வெட்டு இல்லாட்டி கூலி இல்ல. நான் லீவுல வந்து சம்பளத்த அம்மா கையில குடுத்தேன். அப்பா அதைப் பார்த்துட்டு, ‘மழை பேஞ்சாலும் குடுப்பாங்களா’ன்னு கேட்டாரு. குடுப்பாங்கப்பான்னேன். அதோட பேச ஆரம்பிச்சிட்டாரு.”

மழை பெய்தாலும் கிடைக்கும் சம்பளம் என்பதற்கு மேலாக அரசாங்க உத்தியோகத்துக்கு வேறொரு லக்ஷணம் எழுத நானும் என் மேசைப் படிப்பைக்கொண்டு பலமுறை முயன்றிருக்கிறேன், முடியவில்லை. 1962-ன் கடைசியிலே எங்கள் பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸுகளை ஸ்தம்பிக்கவைத்த ரயில்வே வேலைநிறுத்தம், நாட்கூலியை மாதச் சம்பளமாக மாற்றிக் கொடு என்பதற்காகத்தானே மூன்று வாரம் நடந்தது? ரயில்வேக்காரன் நிறுத்திக் கேட்டான். போலீஸ்காரனுக்கு அது சேர்ந்த நாளிலேயே கிடைத்தது. அதற்கு ஈடாக, நிறுத்தும் உரிமையை அவன் அன்றே வைத்துவிட்டு வந்தான்.

கல்யாணப் பந்தியில் பாயசம் திவ்வியம். சாம்பாரைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

2023 நவம்பர் 14, செவ்வாய்

தீபாவளி முறுக்கு இன்னும் மீதி. சார்ஜன் வாசற்படியில் உட்கார்ந்து பழைய பூட்ஸுக்குக் கிவி பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மாதம் ஒருமுறை இது நடக்கும். துணியைச் சுட்டுவிரலில் முறுக்கி, மெழுகைத் தொட்டு, நுனியிலே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, சிறுசிறு வட்டமாக, அவசரமே இல்லாமல் தேய்ப்பார். அரைமணி நேரத்தில் பூட்ஸின் மூக்கிலே வாசற்கதவின் கம்பி தெரியும். போட்டுக்கொண்டு போக இடமில்லை. பாலிஷ் மட்டும் நிற்கவில்லை.

அவரிடம் நான் படித்த ஒரு செய்தியைச் சொன்னேன். அமெரிக்காவில் நியூஜெர்சி மாகாணத்துக் கேம்டன் என்ற ஏழை நகரம், 2011 ஜனவரியிலே, வரவுசெலவு கட்டவில்லை என்று தன் போலீஸ்காரர்களிலே ஏறத்தாழப் பாதிப் பேரை ஒரே நாளில் வேலையைவிட்டு நிறுத்தியது; நிறுத்தப்பட்டவர்கள் தங்கள் பூட்ஸுகளைக் கழற்றி நடைபாதையிலே வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கு முந்திய ஜூலையில், கலிபோர்னியாவின் ஓக்லந்து நகரம் 80 பேரை நிறுத்தியது. ஓய்வூதியத்துக்காகச் சம்பளத்திலே 9 விழுக்காட்டை நீங்களே கட்டுங்கள் என்றது நகரம். கட்டுகிறோம், ஆனால் சில ஆண்டுகளுக்கு யாரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டோம் என்று எழுதிக்கொடுங்கள் என்றது போலீஸ் சங்கம். எழுதிக்கொடுக்க நகரத்துக்கு மனம் வரவில்லை. கேம்டனிலோ, 2013-ல் நகரப் போலீஸ் படையையே கலைத்துவிட்டு, மாவட்டத்தின் பெயரில் புதுப்படை ஒன்றை அமைத்தார்கள். பழைய சங்க ஒப்பந்தம் பழைய படையோடு போயிற்று.

சார்ஜனுக்கு ஆச்சரியம் வேறிடத்தில் பிடித்தது. “நகராண்மைக் கழகமா போலீசுக்குச் சம்பளம் கொடுக்குது?”

அங்கே அப்படித்தான் என்று விளக்கினேன். இங்கே கோலாலம்பூர் மாநகர மன்றம் சாலையோரக் கார்களுக்குச் சம்மன் ஒட்டும் அமலாக்கக்காரரை வைத்திருக்கிறதே ஒழிய, டிராவர்ஸ் சாலையிலிருக்கும் வட்டாரப் போலீஸ் தலைமையகத்து மின்விளக்குகூட மத்திய அரசாங்கத்தின் செலவு. நாடு முழுவதற்கும் ஒரே போலீஸ். ஆகையால் ஒரு நகரத்தின் கஜானா காலியாவதால் ஒரு மாத்தாவின் வேலை போகாது. இது இங்குள்ள பாதுகாப்பு. அங்குள்ள பாதுகாப்பு, மேசைக்கு எதிரில் உட்கார்ந்து பேரம் பேசும் சங்கம். இரண்டையும் ஒருங்கே பெறும் பாக்கியம் சார்ஜனுக்கும் இல்லை, கேம்டன்காரனுக்கும் இல்லை.

போலீசுக்குச் சங்கம் கூடாது என்ற சித்தாந்தம் நமக்கு இலண்டனிலிருந்து கப்பலேறி வந்தது. 1918 ஆகஸ்டு 30-ல் இலண்டன் போலீஸ்காரர் திடீரென்று வேலையை நிறுத்தியபோது மந்திரிசபை நடுங்கிச் சம்பளத்தை உயர்த்தியது. மறுவருஷம் மீண்டும் நிறுத்தியபோது நடுக்கம் தெளிந்துவிட்டிருந்தது. நிறுத்தியவர் அனைவரும் நீக்கப்பட்டனர், லிவர்பூலில் மிகப் பலர். 1919-ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டம் சங்கத்துக்குப் பதிலாகச் சம்மேளனம் என்ற ஒரு சாதுவான ஏற்பாட்டைக் கொடுத்தது. அந்தச் சாதுக்களே 2012 மே 10-ல் செலவுக் குறைப்பை எதிர்த்து இலண்டன் வீதியிலே முப்பதாயிரம் பேருக்குமேல் ஊர்வலம் போனார்கள். தங்கள் ஓய்வு நேரத்தில், சீருடை இல்லாமல்.

இந்தியாவில் 1966-ஆம் வருஷத்துச் சட்டம், அரசாங்கத்தின் அனுமதியின்றிப் போலீஸ்காரன் சங்கத்தில் சேரலாகாது என்கிறது. 1979-ல் பஞ்சாபில் பற்றிய நெருப்பு பல மாநிலங்களுக்கும் பரவி, எம்.ஜி.ஆர். ஆட்சியிலிருந்த தமிழ்நாட்டிலும் காவலர் கிளர்ச்சியாக மூண்டது. பொகாரோ உருக்காலையிலே மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர்மேல் இராணுவமே ஏவப்பட்டு உயிர்கள் போயின.

“அது தப்பு,” என்றார் சார்ஜன்.

எது தப்பு, கிளர்ச்சியா, சுட்டதா என்று கேட்டேன். அவர் பூட்ஸின் குதிகாலைத் திருப்பிக்கொண்டார். பிறகு, எங்கோ ஒரு தொழிற்சாலை வாசலில் மறியல் நடந்தபோது தாம் வரிசையில் நின்ற கதையைச் சொன்னார். நண்பகல் வெயில், மறியலில் இருந்தவர்களின் பெண்டுகள் வாளியிலே தேத்தண்ணி கொண்டுவந்து தங்கள் ஆட்களுக்கு ஊற்றினார்கள், ஒரு கிழவி, எதிர்ப்பக்கம் நின்ற போலீஸ் வரிசைக்கும் குவளையை நீட்டினாள்.

“குடிக்கலாமா கூடாதான்னு ஆர்டர் இல்ல. இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. குடிச்சோம்.”

2024 பிப்ரவரி 1, வியாழன்

இன்றிலிருந்து அரசாங்க வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. ஒப்பந்த முறையில் நியமனமும் ஊழியர் சேமநிதியும் என்பது கடந்த மாதம் வந்த அறிவிப்பு. ஓய்வூதியச் செலவு 2040-க்குள் 12,000 கோடி வெள்ளியாகிவிடும் என்பது அரசாங்கம் காட்டும் கணக்கு. கணக்கு பொய்யென்று நான் சொல்லமாட்டேன். நாற்பது வருஷம் பேரேடு பார்த்தவனுக்குக் கூட்டுத்தொகையோடு சண்டை போடும் தைரியம் வராது. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களைத் தொடவில்லை. எங்களைப் போன்ற கிழவர்களுக்கு இம்மாதக் கடைசியில் தலைக்கு 1,000 வெள்ளி வருகிறது.

எங்கள் ஓய்வூதியக் கணக்கு எளியது: சேவை செய்த மாதங்களை 600-ஆல் வகுத்து, கடைசிச் சம்பளத்தால் பெருக்கு, 360 மாதத்துக்குமேல் எவ்வளவு உழைத்திருந்தாலும் சம்பளத்தின் ஐந்தில் மூன்று பங்கோடு நிறுத்து. அந்த 600 என்ற எண்ணை மனத்திலே வைத்துத்தான் எங்கள் தலைமுறை பெண் கொடுத்தது, வீடு வாங்கியது, மேலதிகாரியின் எதிரே வாய் திறக்காமல் இருந்தது.

என் பாட்டனாரும் அரசாங்கக் குமாஸ்தாதான். 1930-களின் முற்பகுதியில், ரப்பர் விலை தரையைத் தொட்டு, தோட்டத் தமிழர் ஆயிரமாயிரமாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்ட காலத்தில், ஆட்குறைப்பைக் குறிக்கும் ‘ரிட்ரெஞ்ச்மென்ட்’ என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. பாட்டி ஆங்கிலம் அறியாதவள். ஆயினும் அந்தச் சொல்லை மட்டும் பிழையின்றி உச்சரிப்பாள், அம்மை வந்ததைச் சொல்வதுபோல. தாத்தாவுக்கு ‘ரிட்ரெஞ்ச்மென்ட்’ வந்தது என்பாள்.

சேமநிதி கெட்டது என்பதல்ல என் அபிப்பிராயம். தனியார் வேலையிலிருக்கும் என் மகன் அதைத்தான் நம்பியிருக்கிறான். ஆனால் அவனுக்கு முதலாளி பிடிக்காவிட்டால் வேறிடம் போகலாம், வேண்டுமானால் சங்கம் சேரலாம். மறுத்துச் சொல்லும் உரிமையையே பிரமாணம் செய்து வைத்துவிட்டு வருகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த வார்த்தை ஒன்றுதான் சங்கம். அந்த வார்த்தையைத் திருத்த நேரும்போது, எதிரே பேச யாருமில்லை என்பதனாலேயே அரசாங்கம் இரண்டு முறை யோசிக்கவேண்டும் என்று எனக்குப் படுகிறது. பேச ஆளில்லாத இடத்தில்தான் கத்தரிக்கோல் இலகுவாகப் போகிறது.

இதைச் சார்ஜனிடம் சொன்னேன். “எங்களுக்கும் குறை கேக்குற கூட்டம் உண்டு, கிராணி ஐயா,” என்றார் சற்று ரோஷத்தோடு. “உட்காருன்னா உட்காருவோம். சொல்லுன்னா சொல்லுவோம்.”

“சொல்லச் சொல்லாவிட்டால்?”

“தண்ணி குடிச்சிட்டு வந்துருவோம்.”

2024 மார்ச் 25, திங்கள்

போலீஸ் தினம். 1807-ல் பினாங்குக்கு வந்த நீதிச் சாசனத்தின் நாளையே தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது அரச மலேசியப் போலீஸ். நோன்பு மாதமாதலால் மாலையில் கடைத்தெரு நெரிசல். சார்ஜன் காலையிலேயே சட்டையில் கஞ்சி மடிப்போடு இருந்தார்.

ஓய்வூதியர் சிலர் சேர்ந்து ஒரு மனு தயாரித்திருக்கிறார்கள். சென்ற ஜூன் தீர்ப்புப்படி எங்கள் தொகையைப் பணியிலிருப்போர் சம்பளத்தோடு இணைத்துத் திருத்தவேண்டும் என்ற கோரிக்கை. மலாய் வாசகத்தை நான் ஒருமுறை திருத்தி, பிரதியெடுத்து, தெருவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். சார்ஜன் மூக்குக்கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தார். மறுபடியும் படித்தார். தமக்கு முன்னால் ஏழு கையெழுத்து இருப்பதை எண்ணிப் பார்த்தார்.

“இதுல போட்டா ஒண்ணும் ஆகாதில்ல?”

“ஓய்வுபெற்றுப் பதினைந்து வருஷம் ஆகிறது, சார்ஜன்.”

“ஆமா.” பேனாவை வாங்கினார். பெயருக்கென்று விட்டிருந்த கோட்டிலே, நிதானமாக, முதலில் தம்முடைய போலீஸ் எண்ணை எழுதினார். எழுதி முடித்துத்தான் கவனித்தார்; அடிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தார். இருக்கட்டும் என்றேன். இடம் போதாமல், பெயரைக் கோட்டுக்குக் கீழே எழுதினார்.